கண் தெரியாத கோழியும் தகரத் தட்டும்

புரட்டாசிக் கடைசியில் முதல் மழை பெய்து மூன்று வாரம் கழித்து ஒரு மாலை. வாசலில் சோளம் இறைத்துவிட்டுக் கோழிகளை எண்ணினேன். 14 இருக்க வேண்டும், 13தான் இருந்தன. மயிலையைக் காணவில்லை. எங்கள் கட்டுத்தரையில் நிற்கும் காங்கேயம் பசுவைப் போலவே வெண்சாம்பல் நிறம், கழுத்தில் மட்டும் லேசான கருமை. அந்த நிற மாட்டை மயிலை என்போம், அதனால் அந்தப் பெயர். சிறுவிடை என்னும் சிறிய உடம்புள்ள நாட்டுக்கோழி இனம். மூன்று ஈடு குஞ்சு பொரித்து வளர்த்த கோழி.

தேடிப் போனபோது சோளத்தட்டுப் போருக்கும் சுவருக்கும் நடுவில் இறகைச் சிலிர்த்துக்கொண்டு நின்றது. நான் பக்கத்தில் போய்க் குனிந்தும் அசையவில்லை. கை பட்டதும் அலறித் துள்ளியது. நான் வந்ததே அதற்குத் தெரியவில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

தூக்கினேன். பஞ்சைத் தூக்கியதுபோல் இருந்தது. கோழி மெலிந்திருக்கிறதா என்பதை வெளியே இருந்து பார்த்துச் சொல்ல முடியாது. சிலிர்த்த இறகு உடம்பைப் பெரிதாகவே காட்டும். நெஞ்சுக்கு அடியில் கையைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். நன்றாகத் தின்னும் கோழிக்கு நெஞ்செலும்பின் இரண்டு பக்கமும் சதை மேடாக இருக்கும். மயிலைக்கு அந்த எலும்பு கத்தி முனைபோல் விரலில் பட்டது. கழுத்துக்குக் கீழே இரைப்பையை அழுத்திப் பார்த்தேன். ஒரு தானியம் கூட இல்லை, வெறும் தோல். ஸ்பிரிங் தராசில் துணிப்பையோடு தொங்கவிட்டபோது 850 கிராம்.

முகத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தபோதுதான் வயிறு கலங்கியது. கொண்டையிலும் அலகோரத்திலும் மிளகளவு கரிய பொருக்குகள். இடக்கண்ணின் இமையில் பொருக்கு ஏறிக் கண்ணையே மூடி ஒட்டியிருந்தது. வலக்கண் திறந்திருந்தாலும் இமை வீங்கி, கருவிழி மேல் பால் தெளித்ததுபோல் மங்கியிருந்தது.

அத்தை திண்ணையில் இருந்து பார்த்துவிட்டு, “இது தேறாது அம்மணி. அம்மை போட்ட கோழிக்குக் கண்ணும் போய்விட்டால் அப்புறம் என்ன இருக்கிறது?” என்றார். அவர் சொன்னதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. 60 வருடமாகக் கோழி வளர்ப்பவர், இப்படி எத்தனையோ கோழிகள் போவதைக் கண்டிருக்கிறார். “இல்லைங்க அத்தை, இன்றைக்கு ஒரு ராத்திரி பார்க்கிறேன்” என்றேன்.

குருட்டுக் கோழி தவிட்டுக்கு வீங்கினாற்போல என்று ஒரு சொலவடை இருக்கிறது. வீங்குவது என்றால் ஏங்குவது. அந்த ராத்திரி அதைப் பலமுறை நினைத்துக்கொண்டேன். மயிலையைச் சுற்றிச் சோளம் கிடந்தது, தண்ணீர்த் தொட்டி பத்தடியில் இருந்தது. கோழிக்கு நாக்கில் ருசி மிகக் குறைவு. தீனியைக் கண்ணால் கண்டுதான் கொத்தும். கண் மறைந்தால் தவிட்டு மூட்டை மேலேயே நின்றாலும் பட்டினிதான். அம்மை மட்டும் அதை அவ்வளவு மெலிய வைத்திருக்காது. கண் தெரியாமல், எத்தனை நாளோ, தின்னாமல் நின்றிருக்கிறது. நான் தினமும் கைநிறைய அள்ளி வீசிவிட்டு, எல்லாம் தின்கின்றன என்று உள்ளே போய்க்கொண்டிருந்தேன்.

முதலில் சூடு. கோழியின் உடம்புச் சூடு நம்மைவிட அதிகம், 41 டிகிரி செல்சியசுக்கு மேல். சாப்பிடாத கோழியால் அந்தச் சூட்டைத் தாங்கி நிற்க முடியாது. குளிர்ந்த உடம்புக்குள் தீனியைத் தள்ளினால் அது செரிக்காமல் இரைப்பையிலேயே கிடந்து புளித்துப்போகும். சமையற்கட்டுக்கு அடுத்த சிறிய அறையில் சாக்கு விரித்து, மேலே வேர்க்கடலைத் தோலைப் பரப்பிப் பஞ்சாரம் என்னும் கோழி மூடும் கூடையால் மூடினேன். 60 வாட் குண்டு பல்பை ஒன்றரை அடி உயரத்தில், பஞ்சாரத்தின் ஒரு பக்கமாக மட்டும் தொங்கவிட்டேன். ஒரு பக்கம் சூடு, மறுபக்கம் குளிர்ச்சி. கண் தெரியாவிட்டாலும் சூடு எந்தப் பக்கம் என்பது உடம்புக்குத் தெரியும், வேண்டுமென்றால் நகர்ந்துகொள்ளும். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் பல்பு மிக அருகில் இருக்கிறது என்று பொருள். ஒயரைப் பஞ்சாரத்தோடு இரண்டு இடத்தில் இறுக்கிக் கட்டுங்கள். கடலைத் தோலில் பல்பு விழுந்தால் வீடே பற்றிக்கொள்ளும். மின்சாரம் போன நேரங்களில் பாட்டிலில் வெந்நீர் ஊற்றித் துணி சுற்றிப் பக்கத்தில் வைத்தேன்.

அடுத்தது தண்ணீர். இங்கேதான் பெரிய தவறு செய்தேன். அலகைப் பிரித்து ஒரு கரண்டித் தண்ணீரை உள்ளே ஊற்றினேன். களகளவென்று தொண்டையில் சத்தம் வந்தது, மூக்குத் துளையில் குமிழி கிளம்பியது, கழுத்தை நீட்டி இழுத்தது. தலைகீழாகச் சற்றுச் சாய்த்துப் பிடித்தேன். நல்ல வேளை, தும்மித் தண்ணீரை வெளியே தள்ளிவிட்டது. கோழியின் அலகைத் திறந்து பார்த்தால் நாக்குக்குப் பின்னால் ஒரு சிறிய ஓட்டை திறந்து மூடுவது தெரியும். அது மூச்சுக்குழாயின் வாய். ஊற்றும் தண்ணீர் நேராக அதற்குள் போய்விடும். ஊற்றவே கூடாது. விரலைத் தண்ணீரில் தொட்டு, அலகின் ஓரத்தில் ஒரு சொட்டு வையுங்கள். அது தானாக நாக்கை அசைத்து விழுங்கும். விழுங்கிய பிறகு அடுத்த சொட்டு. அரை டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரைக் கரண்டி கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு. அதைத்தான் ராத்திரி முழுவதும் மணிக்கு ஒருமுறை சொட்டுச் சொட்டாகக் கொடுத்தேன். விடியற்காலை நான்கு மணிக்குத் தண்ணீர்க் கிண்ணத்தின் விளிம்பை அலகில் தொடவைத்தபோது தானே அலகை நனைத்துத் தலையை நிமிர்த்தி விழுங்கியது. அதற்குப் பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது.

காலையில் எச்சம் பச்சையாக இருந்தது. வெள்ளைக்கழிச்சல் என்னும் கொள்ளை நோயோ என்று பயந்தேன். பேர்தான் வெள்ளை, அதில் எச்சம் பச்சையாகவும் போகும். பிப்ரவரி மாதத் தடுப்பூசி முகாமில் எல்லாக் கோழிக்கும் போட்டிருந்தோம். ஆனாலும் பயம் பயம்தான். மயிலையைப் பிடித்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் மற்றக் கோழிகளிடம் போகக் கூடாது என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிட்டு, ஓட்டை போட்ட அட்டைப் பெட்டியில் வைத்துப் பஸ் ஏறினேன்.

கால்நடை மருத்துவர் நாமக்கல் கல்லூரியில் படித்தவர், முப்பது வயதுதான் இருக்கும். ஒற்றைக் கோழியைத் தூக்கிக்கொண்டு வந்ததைப் பார்த்து அவர் சலித்துக்கொள்ளவில்லை. “பல்லடம் பக்கம் கறிக்கோழிப் பண்ணையிலும் நாமக்கல் முட்டைப் பண்ணையிலும் ஆயிரக்கணக்கில் பார்ப்பேன் அம்மா. அங்கே ஒரு கோழி சோர்ந்தால் கழித்துவிடுவார்கள், ஒன்றைத் தேற்றும் வேலை யாருக்கும் கிடையாது. அதனால் ஒற்றைக் கோழியைப் பார்க்க எனக்கும் ஆசைதான்” என்றார்.

அவர் பார்த்த வரிசையை அப்படியே சொல்கிறேன், வீட்டிலும் பார்க்கலாம். கழுத்து முறுக்கிக்கொள்கிறதா? இல்லை. ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக நீட்டிக் கிடக்கிறதா, கருமணியைச் சுற்றியுள்ள வளையம் சாம்பல் பூத்து ஓரம் பிசிறிப் போயிருக்கிறதா? அப்படி இருந்தால் மாரெக்ஸ் என்னும் வைரஸ் நோயாக இருக்கலாம், அதற்கு மருந்து இல்லை. மயிலைக்கு அதுவும் இல்லை. முகம் முழுக்க வீங்கி, மூக்கில் நாற்றமடிக்கும் சளி வந்தால் அது வேறு நோய். பிறகு அலகைத் திறந்து உள்ளே பார்த்தார். அம்மை சில கோழிகளுக்குத் தொண்டையிலும் மஞ்சள் படலமாகக் கட்டி மூச்சை அடைக்குமாம். தொண்டை சுத்தமாக இருந்தது. பச்சை எச்சத்துக்கு, “வயிற்றில் தீனி இல்லை, பித்தம் மட்டும் இறங்குகிறது. இரண்டு நாள் தின்றால் மாறிவிடும்” என்றார். மாறியது.

வலக்கண் விஷயம்தான் நான் எதிர்பார்க்காதது. வீங்கிய இமையை உப்புநீரால் நனைத்து நனைத்து, பஞ்சுக் குச்சியால் மெதுவாக ஒதுக்கினார். உள்ளிருந்து துவரம்பருப்பு அளவில் வெள்ளையாக, கெட்டித் தயிர் போல ஒரு கட்டி வந்தது. சீழ்தான், கோழிக்குச் சீழ் நீராக ஓடாது, இப்படிக் கட்டியாகும் என்றார். என்ன தீனி போடுகிறீர்கள் என்று கேட்டார். வெள்ளைச் சோளமும் அரிசிக் குருணையும் என்றேன். கீரை? சித்திரையில் இருந்து மேய்ச்சல் நிலமான கொறங்காடு முழுக்கக் காய்ந்து கிடந்தது, கிளுவை வேலியில் கூட இலை இல்லை. கோழி கொத்தப் பச்சை எங்கே இருந்தது? வெள்ளைச் சோளத்திலும் அரிசியிலும் வைட்டமின் ஏ கிடையாது. மஞ்சள் மக்காச்சோளத்திலும் கீரையிலும்தான் அதற்கான சத்து உண்டு. அந்தச் சத்துக் குறைந்தால் கண்ணின் உள்தோல் காய்ந்து, கிருமி எளிதில் புகும். ஆறு மாத வறட்சி கோழியின் கண்ணில் வந்து நின்றிருக்கிறது. மழை பெய்ததும் கொசு வந்தது, கொசு அம்மையைக் கொண்டுவந்தது.

கண்ணுக்குக் களிம்பும், ஐந்து நாளுக்கு மருந்தும், வைட்டமின் சொட்டும் எழுதிக்கொடுத்தார். வைட்டமினை அவர் சொன்ன அளவுக்கு மேல் ஒரு சொட்டும் கூடாது. அது ஈரலில் தங்கும், மிகுந்தால் நஞ்சாகும். இன்னொன்று. மனிதர்களுக்கு வாங்கிய கண் சொட்டு மருந்து வீட்டில் மிச்சமிருந்தால் அதைக் கோழிக்கு விடாதீர்கள். சிலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். கருவிழியில் புண் இருந்தால் அது புண்ணை ஆழமாக்கிவிடும். மூன்று வருடத்துக்கு முன்பு கடையில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்தை நம்பி ஒரு செங்கோழியின் கண்ணை இழந்தோம். அது இன்னும் எனக்கு ஆறவில்லை.

வீட்டில் தினமும் இரண்டு வேளை கண் துடைத்தேன். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீருக்கு 9 கிராம் உப்பு. அதற்கு மேல் போனால் எரியும். வெதுவெதுப்பான உப்புநீரில் நனைத்த பஞ்சை இமைமேல் ஐந்து நிமிடம் வைத்திருந்து, பிறகு உள்மூலையில் இருந்து வெளிப்பக்கமாக ஒரே வழிப்பு. ஒவ்வொரு முறையும் புதுப் பஞ்சு, பயன்படுத்தியதை அடுப்பில் போட்டேன். இடக்கண்ணின் பொருக்கை உரிக்க வேண்டும் என்று கை பரபரக்கும். உரிக்கவே கூடாது. இரத்தம் வரும், தழும்பு விழும், உதிர்ந்த பொருக்கில் உள்ள வைரஸ் மற்றக் கோழிகளுக்கும் போகும். மூன்று நான்கு வாரத்தில் தானே காய்ந்து விழும். அத்தை மஞ்சளையும் வேப்பிலையையும் அரைத்துக் கொடுத்தார். அதைக் கொண்டையிலும் அலகோரத்திலும் பூசினேன், கண் பக்கம் கொண்டுபோகவில்லை.

தீனிக்கு முதல் இரண்டு நாள் அவித்த முட்டையின் மஞ்சள் கருவைத் தண்ணீரில் குழைத்து, ஊசி இல்லாத சிரிஞ்சியால் அலகோரத்தில், ஒரு வேளைக்கு 10 மில்லி. பகலில் ஐந்து வேளை. மூன்றாம் நாள் கம்மங்கூழ். விடிந்ததும் முதல் வேலை இரைப்பையைத் தொட்டுப் பார்ப்பது. ராத்திரிக்குள் அது காலியாகியிருக்க வேண்டும். மாவு உருண்டைபோல் தங்கியிருந்தால், வாயில் புளித்த வாடை வந்தால், அன்று தீனியை நிறுத்தித் தண்ணீர் மட்டும். ஆறாம் நாள் முருங்கைக்கீரையைப் பொடியாக நறுக்கிக் கூழில் கலந்தேன். வீட்டுக்காரர் பழைய வழியில், சாணியும் காய்ந்த தட்டும் அடைத்த பானையைக் காட்டில் கவிழ்த்து வைத்துக் கறையான் பிடித்துவந்தார். கறையானைப்போல ஒரு டானிக் கோழிக்குக் கிடையாது.

சீக்குக் கோழி இறகு கோதாது. அதனால் பேனும் செள்ளும் பெருகிவிடும். நான்காம் நாள் சிறகுக்கு அடியில் விரித்துப் பார்த்தேன். இறகின் அடிக்கட்டையில் சர்க்கரைத் தூள்போல் வெள்ளை ஈர்கள் கொத்துக் கொத்தாக அப்பியிருந்தன. இருக்கிற கொஞ்ச இரத்தத்தையும் செள் குடித்துவிடும். மருத்துவரைத் தொலைபேசியில் கேட்டு மருந்துப் பொடி தூவினேன். கண்ணில் படாமல் தலையைத் துணியால் மூடிக்கொண்டு செய்ய வேண்டும்.

இனி, தானே தின்ன வைத்த கதை. எனக்கு இதுதான் முக்கியம்.

பார்வை கொஞ்சமாவது இருக்கிறதா என்று முதலில் தெரிய வேண்டும். விரலைக் கண்ணுக்கு நேரே வேகமாக நீட்டினால் காற்றுப் பட்டே இமைத்துவிடும். அதனால் பழைய போட்டோச் சட்டத்தின் கண்ணாடியை நடுவில் பிடித்துக்கொண்டு விரலை நீட்டினேன். வலக்கண் இமைக்கவில்லை. இருட்டறையில் டார்ச் அடித்தேன், மங்கலுக்குள் கருமணி சுருங்கியதா என்று சொல்ல முடியவில்லை. இடக்கண் மூடியே இருந்தது. ஆக, அப்போதைக்கு அது முழுக் குருடு என்று வைத்துக்கொண்டேன்.

மூன்றங்குல உயரமுள்ள தகரத் தட்டை எடுத்து இரண்டங்குல ஆழத்துக்குக் குருணை நிரப்பினேன். நாலைந்து மணி தூவினால் கண் தெரியாத கோழிக்குப் பத்துக் கொத்தில் ஒன்றுகூடக் கிடைக்காது, சலித்துப்போய் நின்றுவிடும். ஆழமாக இருந்தால் எங்கே கொத்தினாலும் வாயில் ஏதாவது வரும். தட்டை அறையின் மூலையில், சுவரோடு ஒட்டி வைத்தேன். தண்ணீருக்குக் கனமான மண்சட்டி, உள்ளே கூழாங்கல் போட்டு ஒரு விரற்கடைத் தண்ணீர். தட்டுக்கும் சட்டிக்கும் ஒரு சாண் தூரம். அந்த இரண்டையும் அதற்குப் பிறகு ஓர் அங்குலம்கூட நகர்த்தவில்லை. கூட்டும்போதுகூடச் சுற்றித்தான் கூட்டினேன்.

பிறகு நகத்தால் தட்டின் விளிம்பில் டக், டக், டக். தாய்க்கோழி தரையில் கொத்திக் குஞ்சைக் கூப்பிடும் அதே தாளம். முதல் நாள் கழுத்தை மட்டும் திருப்பியது. அலகைப் பிடித்துக் குருணையில் தொடவைத்தேன், தலையை உதறியது. அடுத்த நாளும் அப்படியே. ஏழாம் நாள் காலை தட்டியபோது இரண்டடி முன்னால் வந்து, தட்டுக்கு அரை விரல் தள்ளித் தரையைக் கொத்தியது. மறுபடி தட்டினேன். தலையைச் சாய்த்துக் கேட்டது. மறுபடி கொத்தியது, தகர விளிம்பில் அலகு பட்டு டங் என்றது. மூன்றாவது கொத்து குருணைக்குள் போனது. அலகில் அப்பிய குருணையோடு ஒரு கணம் அப்படியே நின்றது, பிறகு நிறுத்தாமல் கொத்த ஆரம்பித்தது. கேட்டுக்கொண்டே வந்த அத்தை வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். “தின்கிறது பார் கண்ணு, தின்கிறது பார்” என்று அவர்தான் முதலில் சொன்னார்.

தூக்குவதற்கு முன்னால் பேச்சுக் கொடுங்கள். கண் தெரியாத கோழிக்குத் திடீரென்று மேல் விழும் கை பருந்தின் நகம்தான். நான் “மயிலை, மயிலை” என்று சொல்லி, முதலில் முதுகைத் தொட்டு, பிறகுதான் தூக்குவேன். உயரத்தில் அடைய விடக் கூடாது, இறங்கத் தெரியாமல் விழுந்து காலை ஒடித்துக்கொள்ளும்.

பதினெட்டாம் நாள் இடக்கண்ணின் பொருக்கு பாதி கழன்று தொங்கியது. கை வைக்கவில்லை. இருபதாம் நாள் காலை அது கடலைத் தோலில் கிடந்தது. இமை ஒரு கோடு அளவு திறந்து, உள்ளே செம்மஞ்சள் வளையமும் கரிய மணியும் ஈரமாகப் பளபளத்தன. கண்ணாடிக்குப் பின்னால் விரலை நீட்டினேன், தலையைப் பின்னுக்கு இழுத்தது. அம்மை இமையை மூடியதே தவிரக் கண்ணைத் தொடவில்லை. மூடிக் கிடந்த கண் பிழைத்தது, திறந்திருந்த வலக்கண் வெள்ளை விழுந்து நின்றுவிட்டது.

மற்றவற்றோடு சேர்ப்பதில் அவசரம் கூடாது. பகலில் பஞ்சாரத்தோடு வாசலில் வைத்தேன், மற்றவை சுற்றிவந்து பார்த்துப் பழகட்டும் என்று. ஒரு வாரம் கழித்து, சண்டைக்குப் போகாத கிழக் கருங்கோழி ஒன்றை முதலில் கூட விட்டேன். சேவலைக் கடைசி வரை விலக்கி வைத்தேன். தெரியாத பக்கத்தில் இருந்து ஏறினால் மெலிந்த கோழி தாங்காது. இதற்குள் மேலும் இரண்டு விடைக்கோழிகளுக்குக் கொண்டையில் கொப்புளம் வந்தது, கண்ணில் இல்லை. பொருக்கு இல்லாதவற்றுக்கு மருத்துவர் சிறகுச் சவ்வில் அம்மைத் தடுப்பூசி குத்தினார். இந்த அம்மை மனிதருக்குத் தொற்றாது, ஆனால் கொசுவை விட்டால் தோட்டம் தோட்டமாகப் போகும். தொட்டித் தண்ணீரை இரண்டு நாளுக்கு ஒருமுறை கொட்டிக் கழுவினோம். மாலையில் வேப்பிலைப் புகை போட்டோம், மயிலையின் அறைக்கு எதிர்த்திசையில்.

ஐந்தாவது வாரக் கடைசியில் தராசு 1 கிலோ 300 கிராம் காட்டியது. தை மாதம் இரண்டாம் வாரத்தில் முட்டை வைத்தது.

இப்போதும் மாலையில் சோளம் இறைப்பதற்கு முன்னால் அந்தத் தகரத் தட்டை மூன்று தட்டுத் தட்டுகிறேன். எல்லாக் கோழிகளும் ஓடி வருகின்றன. மயிலை கழுத்தை வலப்பக்கம் திருப்பி, இடக்கண்ணை முன்னால் வைத்துக்கொண்டு, கடைசியாக வருகிறது. தட்டு அதே மூலையில்தான் இருக்கிறது. அது தின்று முடிக்கும் வரை நான் பக்கத்தில் நிற்கிறேன்.